பல்லி சொன்ன மழை

மேலச்செவ்வூரணிக்காரர்கள் அந்த வருஷம் மழைக்காகச் செய்யாதது என்று எதுவும் பாக்கியில்லை. கழுதைக்குக் கல்யாணம் பண்ணி வைத்தார்கள், கொடும்பாவி கட்டித் தெருத்தெருவாக இழுத்து மாரில் அடித்து அழுதார்கள், ஊர் எல்லையில் இருந்த அய்யனாருக்கு மூன்று தடவை பொங்கல் வைத்து, மூன்றாவது தடவை கொஞ்சம் மிரட்டவும் செய்தார்கள். கடைசியில் புரட்டாசி மாதம் ஒரு வியாழக்கிழமை மத்தியானம் கிழக்கிலிருந்து ஒரு மேகம் கிளம்பி வந்தது. கீழச்செவ்வூரணியின் தலைக்கு மேலே சொட்டுக்கூட விடாமல் கடந்து, இடையிலிருந்த ஓடையைத் தாண்டியதும் இந்த ஊர் எல்லைக்குள் மட்டும் அளந்து ஊற்றியதுபோல முக்கால் மணி நேரம் பெய்து ஓய்ந்தது. எங்கோ கண்காணாத தேசத்தில் வெடித்துப்போன ஓர் அணு உலையின் தூசியை அந்த மேகம் சுமந்துகொண்டு பதினோரு நாள் அலைந்தது என்பதும், தூசி காற்றோடு காற்றாகப் போய்க்கொண்டேதான் இருக்கும், மழைதான் அதைப் பிடித்து மண்ணில் இறக்கும் என்பதும் யாருக்கும் தெரியாது. தெரிந்திருந்தாலும் அன்றைக்கு ஒருவராவது குடை விரித்திருப்பார்களா என்பது சந்தேகம்தான். ஊரே தெருவில் நின்று நனைந்தது.

மழை விட்டதும் முதலில் ஓடுகள் 'டிக்' என்றன. பிறகு ஓட்டுத் தண்ணீர் விழுந்த இடத்து மண், பிறகு முருங்கை இலை, துளசி, கொடியில் கிடந்த வேட்டி, மாட்டின் முதுகு என்று மழை பட்டது ஒவ்வொன்றும் தன்பாட்டுக்கு டிக், டிக் என்று சொல்ல ஆரம்பித்தது. இதே சத்தத்தைக் காலங்காலமாகச் சுவரில் கேட்டுப் பழகிய ஜனம் வேறென்ன நினைக்கும்? பல்லி சொல்கிறது என்று எல்லோரும் தரையில் விரலால் மூன்று தட்டுத் தட்டி "கிருஷ்ணா, கிருஷ்ணா" என்றார்கள். டீக்கடையில் தொங்கிய பஞ்சாங்கத்தை எடுத்து, வியாழக்கிழமை கிழக்கில் சொன்னால் என்ன பலன், மேற்கில் சொன்னால் என்ன பலன் என்று பார்த்தார்கள். எட்டுத் திக்கிலும் ஒரே நேரத்தில் சொன்னால் என்ன என்று அதில் போடவில்லை. அதனால் தனலாபம், பெண்லாபம், விருந்து என்று நல்லதையெல்லாம் கூட்டிக்கொண்டு, மரணம், கலகம் என்று போட்டிருந்ததைக் கழித்துவிட்டார்கள். அந்த வாரத்தில் மட்டும் மூன்று நிச்சயதார்த்தம் நடந்தது. யார் என்ன சொன்னாலும் கூடவே ஒரு டிக் விழுந்ததால் சொன்னதெல்லாம் சத்தியம் என்றாகி, ஊரில் பொய் என்ற ஒன்றே இல்லாமல் போயிற்று. நிஜப் பல்லிகள் மட்டும் வாயை மூடிக்கொண்டு உத்தரத்தின் இடுக்கில் ஒடுங்கிக் கிடந்தன.

அந்த நேரத்தில்தான் ராக்கு தன் நூற்று நாற்பது செம்மறிகளோடும் நாலு வெள்ளாடுகளோடும் பதினோரு மாதக் கைக்குழந்தையோடும் கண்மாய்க்கரையில் கூடாரம் போட்டிருந்தாள். ஊர் ஊராகப் போய், பகலில் ஆட்டை மேய்த்து, ராத்திரிக்கு யாராவது ஒருவருடைய வயலில் வலையடைத்துக் கிடை போடுவது அவள் குடும்பத்துத் தொழில். காடுகரை எல்லாம் மேய்ந்த ஆடு ஒரே வயலில் புழுக்கை போட்டு மூத்திரம் பெய்தால் அந்த வயலுக்கு வேறு உரமே வேண்டாம். கிடைக்கு வயல்காரர்கள் அடித்துக்கொள்வார்கள். ராக்குவுக்கு முப்பத்தாறு வயது. பன்னிரண்டு வருஷம் கோயில் கோயிலாக ஏறி இறங்கிப் பெற்ற ஒரே பிள்ளை அது. வெட்டவெளியில் பிறந்த அந்தப் பிள்ளைக்கு அவள் புருஷன் சாத்தையா, டிவியில் பார்த்த பெயர்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்று தர்ஷிகா என்று வைத்தான்.

மழைக்கு மறுநாள் காலையிலேயே மாயழகு தாம்பாளத்தோடு வந்து நின்றார். கண்மாய்க்குக் கீழே இரண்டு ஏக்கர் நஞ்சை வைத்திருந்தவர், நல்ல மனுஷர், அவசரக்காரர்.

"இந்தாத்தா ராக்கு, கிடைய மொதல்ல என் வயல்லதான் போடணும். வெத்தல பாக்கு வச்சுக் கேக்குறேன்."

தாம்பாளத்திலிருந்த வெற்றிலை டிக் என்றது.

"பாத்தியா, பல்லியே சொல்லிருச்சு," என்றார்.

அப்படித்தான் அது நடந்தது. மழை ஊர் முழுக்க மெலிசாகப் பரப்பி வைத்திருந்த தூசியை, புல்லில் கொஞ்சம், கருவேலங்காயில் கொஞ்சம், கொழிஞ்சியில் கொஞ்சம் என்று நூற்று நாற்பது வாய்கள் பகலெல்லாம் பொறுக்கித் தின்று, சாயங்காலம் மாயழகு வயலில் வந்து சேர்த்தன. எட்டாம் நாள் அந்த வயலில் விழுந்த சத்தம் எண்ணெயில் கடுகு போட்டதைப் போல இருந்தது. மாயழகு வரப்பில் நின்று பூரித்துப் போனார். இவ்வளவு சகுனம் வேறு யார் வயலுக்கு வாய்க்கும் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் கேட்டார்.

பத்தாம் நாள் கவர்மெண்ட் வண்டிகள் வந்து ஊரைச் சுற்றி மஞ்சள் கயிறு கட்டின. மைக்கில் ஒரு டாக்டர் பேசினார். இது பல்லி இல்லை, கதிர் வீசுகிற தூசி, அது வெளியே இருந்தும் உடம்பைச் சுடும், தின்கிறதில் குடிக்கிறதில் ஏறி உள்ளே போய் உட்கார்ந்துகொண்டும் சுடும், ஒரு தினுசு தொண்டையில் போய் உட்காரும், ஒரு தினுசு சதையில், ஒரு தினுசு எலும்பில் என்றார். தொண்டையில் உட்காருவது எட்டு நாளைக்கு ஒரு தரம் பாதி பாதியாகக் குறையும், மண்ணில் தங்குவது முப்பது வருஷத்துக்கு ஒரு தரம்தான் பாதியாகும் என்றார். அவர் ஒவ்வொரு வாக்கியம் முடித்ததும் ஊர் டிக் என்றது. சத்தம் வராதவர்கள் மட்டும் கயிற்றைத் தாண்டலாம் என்று சொல்லிவிட்டு அவர் வண்டியில் ஏறினார். ஊரில் அப்படி ஒருவரும் இல்லை. கயிறு கட்டிய அன்றைக்கு ஆட்டுக்கு மருந்து வாங்க டவுனுக்குப் போயிருந்த சாத்தையா வெளியே மாட்டிக்கொண்டான். ராக்குவும் பிள்ளையும் உள்ளே.

கயிற்றடியில் காவலுக்குப் போட்டிருந்த போலீஸ்காரி ஜெசிந்தா, ராக்கு ஆடுகளை ஓட்டிக்கொண்டு வருவதைப் பார்த்துக் கையை நீட்டி மறித்தாள்.

"சுத்தமான புல்லுல மூணு வாரம் மேஞ்சா ஆட்டுக்குச் சத்தம் அடங்கிரும்னுதான் டாக்டர் சொல்றாரும்மா. மனுசனுக்கும் அப்படித்தான், சுத்தமானதாச் சாப்பிட்டா கொஞ்ச மாசத்துல கொறையும்."

"அப்ப வழி விடுங்க. நாங்க எப்பவும் ஊரு விட்டு ஊரு போறவுகதான். சுத்தமான புல்லுக்கு ஓட்டிட்டுப் போறேன்."

"சத்தம் போடுற ஆட்ட விடக் கூடாதும்மா."

"சத்தம் அடங்கணும்னா வெளிய போகணும். வெளிய போகணும்னா சத்தம் அடங்கணும். இது என்னங்க நாயம்?"

ஜெசிந்தா தொப்பியைக் கழற்றி உள்பக்கம் பார்த்தாள். "ஆர்டர் அப்படித்தாம்மா இருக்கு," என்றாள். அவளுக்கும் வெட்கமாகத்தான் இருந்தது.

எதுவாக இருந்தாலும் சமைக்க வேண்டும், துணி துவைக்க வேண்டும், சண்டை போட வேண்டும் அல்லவா. ஊர் அந்தச் சத்தத்தையும் வீட்டோடு வைத்துக்கொண்டது. பெண்கள் கீரையைக் காதருகே வைத்துப் பார்த்து வாங்கினார்கள். கத்தரிக்காயைக் கழுவினால் பாதி அடங்கும், கீரையை எத்தனை அலசினாலும் அடங்காது, நிலத்துக்கு அடியில் இருநூறு அடியிலிருந்து வரும் போர்த்தண்ணீர் வாயே திறக்காது என்பதெல்லாம் ஒரு மாதத்தில் எல்லோருக்கும் அத்துப்படி. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் கிணற்றடிப் பாசியை மேசையில் வைத்து அதன் சத்தத்தில் பிள்ளைகளுக்கு எண்ணச் சொல்லிக்கொடுத்தார். நிச்சயமான மூன்று கல்யாணத்தில் ஒன்று, மாப்பிள்ளையின் முழங்கால் சத்தம் கூடுதல் என்று பெண் வீட்டார் சொன்னதால் நின்று, பெண்ணின் தோள் சத்தமும் அதற்குக் குறைவில்லை என்று தெரிந்ததும் மறுபடி நடந்தது. எழவு வீட்டில் அழுது முடித்தபிறகும் பாடை டிக் டிக் என்றுகொண்டே போனது. கயிறு என்ற ஒன்று இருப்பதையே சிலர் மறந்துவிட்டார்கள். துணி காயப்போட வசதியாக இருக்கிறது என்றுகூட ஒருத்தி சொன்னாள்.

ராக்குவால் முடியவில்லை. பிள்ளையின் கழுத்துக்குழியில் காதை வைத்தால், ஆட்டுப்பால் குடித்த ஒவ்வொரு நாளும் சத்தம் கூடிக்கொண்டு போனது. தூசி புல்லுக்குப் போய், புல்லிலிருந்து ஆட்டுக்குப் போய், ஆட்டிலிருந்து மடிக்குப் போய், அங்கிருந்து நேராக இந்தச் சுண்டுவிரல் தண்டிக் கழுத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறது என்று அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. ஆடு என்ன தின்றால் பால் எப்படி நாறும் என்று தெரிந்தவளுக்கு இது தெரியாதா? தாய்ப்பால் கொடுக்கலாம் என்றால் அவள் நெஞ்சே பொரிந்தது. பெற்றவள் கொடுக்கும் பாலே பிள்ளைக்கு ஆகாது என்றால் வேறு எதைத்தான் கொடுப்பது? கயிற்றுக்கு அப்பால் நின்று சாத்தையா தினமும் கேட்பான்.

"பாப்பா எப்படியிருக்கா?"

"இருக்கா."

"நான் உள்ள வந்துரட்டா?"

"வந்து? மூணு பேரும் சேந்து கத்தவா? நீங்க அங்கனயே இருங்க. அவளுக்கு வெளிய ஒரு ஆளு வேணும்."

ஒருநாள் காலையில் அவளுடைய வெள்ளாட்டில் ஒன்று, கருப்பும் வெள்ளையுமான நல்ல பால்மடிக்காரி, கட்டை அறுத்துக்கொண்டு மாயழகு வீட்டுக் கொல்லைக்குள் புகுந்துவிட்டது. தேடிப்போன ராக்கு, அங்கே வைக்கோல்போர் மாதிரி குவித்து வைத்திருந்த கடலைக்கொடிப் போரில் ஆடு தலையைக் கழுத்துவரை நுழைத்துத் தின்றுகொண்டிருப்பதைப் பார்த்தாள். போன மாசியில் பிடுங்கிக் காயவைத்துக் குவித்த போர். மழை நனைத்த மேல்கொடி சடசடத்துக்கொண்டிருந்தது. ஆட்டை இழுத்துவிட்டு, அது குடைந்த பொந்துக்குள் ராக்கு தலையை விட்டாள். உள்ளே ஒரு சத்தமும் இல்லை. நாற்பது நாளைக்குப் பிறகு காதில் ஒன்றுமே விழாததில் அவளுக்குத் தலை சுற்றியது. அப்படியே தலையை உள்ளே வைத்துக்கொண்டு அழுதாள்.

மாயழகு வந்து, கொல்லையில் ஒரு பொம்பளை போருக்குள் பாதி புதைந்து நிற்பதைப் பார்த்து அதட்டினார். இந்த ஒரு மாதத்தில் அவர் ஆள் மாறிப்போயிருந்தார். ஊரிலேயே அவர் வயல்தான் பெரிய சத்தம். பூரித்து நின்ற வரப்பில் இப்போது கால் வைக்கவும் ஆள் இல்லை. கிடையை வேறு வயலுக்கு மாற்றலாம் என்றால் ஊரில் ஒருவரும் இடம் கொடுக்க மாட்டேன் என்றுவிட்டார்கள். ஆகவே ஆடுகள் தினமும் அங்கேயே வந்து படுத்து, தினமும் அதைக் கூட்டிக்கொண்டிருந்தன.

"அய்யா, இந்தப் போரு எனக்கு வேணும்," என்றாள் ராக்கு. "உள்ளுக்குள்ள இருக்கிற கொடி கெட்டுப் போகல. இந்த ஒத்த ஆட்ட இதுலயும் போர்த்தண்ணியிலயும் வச்சு வளத்தா பால் அடங்கிரும். பால் அடங்குனா பிள்ள அடங்கிரும்."

"என் வயலு?"

"அய்யா..."

"வெத்தல பாக்கு வச்சது நாந்தான், உன்மேல தப்புச் சொல்லல. ஆனா நெதமும் அதக் கேட்டுக்கிட்டே படுக்கிறவன் நான். கிடைய என் வயல விட்டு எடு. போர மொத்தமா எடுத்துக்க."

"எங்கிட்டு எடுப்பேன்? ஒருத்தரும் விட மாட்டேங்குறாகளே."

"அது எனக்குத் தெரியாதுத்தா."

அவருக்கு நிஜமாகவே தெரியாது. ராக்கு அறுந்த கயிற்றை ஆட்டின் கழுத்தில் மறுபடி முடிந்தாள். பிறகு, ஊரில் ஒருத்தர் அனுமதியும் தேவைப்படாத ஒரே இடம் அவள் கூடாரம் போட்டிருந்த அந்த நாலு சென்ட் புறம்போக்குதான் என்பது அவளுக்குத் தட்டுப்பட்டது.

"என் கூடாரத்தச் சுத்தியே அடைச்சுக்கிறேன்," என்றாள்.

"பைத்தியமா உனக்கு? அதுக்குள்ளயா படுப்ப?"

"நான் படுப்பேன். பாப்பா படுக்கக் கூடாது. அவளையும் ஆட்டையும் அக்கா வச்சுக்கிடட்டும்."

வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்த மாயழகு மனைவி சீனியம்மா, புருஷனை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய் விதைநெல் போட்டுவைக்கும் அறையைக் காலி பண்ண ஆரம்பித்தாள். அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது, மேலே கான்கிரீட். தரையைப் போர்த்தண்ணீரால் ஏழு தடவை கழுவினாள். குளித்து, துணி மாற்றி, அதற்குப் பிறகுதான் பிள்ளையைத் தொடுவேன் என்று தானாகவே ஒரு சட்டம் போட்டுக்கொண்டாள். அன்று மத்தியானம் ராக்கு பிள்ளையை அவள் கையில் கொடுத்தாள். மறுபடி தூக்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததையெல்லாம் ராக்கு வாசலுக்கு வெளியே நின்றுதான் தெரிந்துகொண்டாள். அவளைச் சுற்றி நூற்று நாற்பது ஆடுகள் ஊரையே மேய்ந்து கொண்டுவந்து கொட்டின. புழுக்கை மிதிபட்டுப் பொடியாகி, அவள் தலைமுடியில், புடவையில், கஞ்சியில், மூச்சில் ஏறியது. அவள் தெருவில் வந்தால் இரண்டு தெரு முன்னாலேயே தெரிந்தது. ஜனங்கள் மரியாதையாகத்தான் ஒதுங்கினார்கள், சிலர் கும்பிடக்கூடச் செய்தார்கள், ஒருத்தி அவள் கூடாரத்துக்குத் தூரத்தில் ஒரு செங்கல்லை நட்டு மஞ்சள் பூசிவிட்டுப் போனாள். ராக்கு அந்தக் கல்லைப் பிடுங்கி எறிந்தாள். சாமியாவதற்கு அவளுக்கு நேரமில்லை.

பன்னிரண்டாம் நாள் ஆட்டின் பால் பாதி அடங்கிவிட்டது என்று சீனியம்மா வந்து சொன்னாள். பால் முழுசாக அடங்கும்வரை பிள்ளைக்குக் கஞ்சித்தண்ணியும் மூட்டைக்குள்ளிருந்த பழைய கேழ்வரகும்தான். இருபத்தைந்தாம் நாள் பால் வாய் மூடியது. பிள்ளையின் கழுத்து எட்டு எட்டு நாளாகக் குறைந்தது, ஒரு மூச்சுக்கு நாற்பது, இருபது, பத்து என்று சீனியம்மா எண்ணிச் சொல்வாள். ராக்கு எட்ட நின்றே கேட்டுக்கொள்வாள். கார்த்திகை மழை வந்து ஓடுகளைக் கழுவி, தூசியைக் கண்மாயில் கொண்டுபோய்ச் சேர்த்தது. கடலைக்கொடிப் போர் இடுப்பளவாகி, முழங்காலளவாகி, கடைசியில் தரையோடு கிடந்த நாலு கட்டுதான் மிச்சம் இருந்தது. அந்த வாரம் சீனியம்மா வாசலுக்கு ஓடிவந்தாள்.

"ஏத்தா, நூறு வரைக்கும் எண்ணிட்டேன். ஒண்ணுமில்ல. கழுத்துல இல்ல, முழங்கால்ல இல்ல, எங்கயும் இல்ல."

மார்கழி மாதம் ஒரு காலை பத்து மணிக்கு, சுத்தமான துணியில் சுற்றிய தர்ஷிகாவைச் சீனியம்மா கயிற்றடிக்குத் தூக்கிப் போனாள். ஜெசிந்தா கை நீட்டி வாங்கி, கயிற்றுக்கு அந்தப்பக்கம் இருந்த தகரக் கொட்டகைக்குள் கொண்டுபோய், காதை வைத்துச் சத்தம் பார்க்கக் கதவைச் சாத்திக்கொண்டாள். வெகுநேரம் கழித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, வெளிச்சோறும் வெளித்தண்ணீருமாக இதற்குள் தானும் சத்தம் அடங்கியிருந்த சாத்தையாவின் கையில் பிள்ளையைக் கொடுத்தாள். மேலச்செவ்வூரணியிலிருந்து கயிற்றைத் தாண்டிய முதல் உயிர் அதுதான். தாண்டினால் திரும்பி வர முடியாது, அதுவும் ஆர்டர்.

ராக்கு அன்று விடியலிலேயே போர்த்தண்ணீரில் எட்டுத் தடவை தலைக்கு ஊற்றி, டிரங்குப்பெட்டியின் அடியிலிருந்த சிவப்புப் புடவையைக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். தோலைக் கழுவலாம், சதைக்குள்ளும் எலும்புக்குள்ளும் இருப்பதை எதைக்கொண்டு கழுவுவது? கயிற்றை நோக்கி அவள் நடந்து வரவர, சோளம் பொரிவதுபோன்ற அந்த இரைச்சலும் கூடவே வந்தது. சாத்தையாவின் தோளில் இருந்த பிள்ளை திரும்பிப் பார்த்தாள். இந்த இரைச்சல் எட்டாத அறையில் இத்தனை நாள் வளர்ந்தவள், இப்போது பதினாலு மாதம், நாலு பல். வருகிற சத்தத்தைப் பார்த்து அவள் கண் பெரிசாகி, உதடு பிதுங்கி, வீறிட்டு அழுது, அப்பன் கழுத்தைக் கட்டிக்கொண்டு முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"அம்மாடா, அம்மா, பாரு, நம்ம அம்மாதாண்டா," என்று சாத்தையா அவளைத் திருப்பப் பார்த்தான். அவள் இன்னும் கத்தினாள்.

ராக்கு நின்றாள். அவள் ஓர் எட்டுப் பின்னால் வைத்தாள்.

"நில்லு ராக்கு, போகாத," சாத்தையாவும் அழுதுகொண்டிருந்தான். "புதுசா இருக்கில்ல, அதான். செத்த நேரம் நில்லு, பழகிருவா."

"வேணாம்," என்றாள் ராக்கு. "பழக வேணாங்க. இந்தச் சத்தம் மட்டும் அவளுக்குப் பழகவே வேணாம். எங்க கேட்டாலும் இப்படியே அழுகட்டும்."

சொல்லிவிட்டு, பிள்ளையின் மேலிருந்து கண்ணை எடுக்காமல் பின்பக்கமாகவே நடந்தாள். வேலிக்கருவையைத் தாண்டி, வண்டிப்பாதையைத் தாண்டி, மேட்டுக்கு ஏறும் இடத்தில், சத்தம் எட்டாமல் போனதும், அழுகை தேம்பலாகி நின்றது. தர்ஷிகா மெல்லத் தலையைத் தூக்கி, தூரத்தில் தெரிந்த சிவப்புப் புடவையை யாரோ எவரோ என்று பார்த்தாள். ராக்கு அந்த இடத்தில் காலால் ஒரு கோடு போட்டு வைத்துக்கொண்டு, எதற்கும் இருக்கட்டும் என்று இன்னும் ஓர் எட்டுப் பின்னால் போய் நின்றாள்.